மூணாறில் பேர் இல்லாத ஒரு சாயாக்கடை

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் படிப்பீர்கள். கட்டஞ்சாயா 10 ரூபாய், பால் சாயா 12. பருப்பு வடை 10, பழம்பொரி 12. மத்தியானம் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மத்திக் குழம்பும் உண்டு, இல்லாத நாளில் கஞ்சியும் சிறுபயறும் சுட்ட பப்படமும். வடை வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பருப்பு முழுதாகத் தெரியும்படி, சின்ன வெங்காயமும் இஞ்சியும் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, எண்ணெய் குடிக்காமல் இருக்கும். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, பாலக்காட்டு எல்லையில் பருப்பு வடை தின்றே வளர்ந்தவள், லேசில் எந்த வடையையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை ஒத்துக்கொள்கிறேன். மத்திக் குழம்பில் மட்டும் காரம் அதிகம், குழந்தைகளைக் கூட்டிப் போனால் கஞ்சியே வாங்குங்கள்.

உடுமலையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மறையூர் வழியாக வந்தால் மூணாறு டவுனுக்குள் நுழைந்து, பழைய மூணாறு பக்கம் போகிற ரோட்டில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது கடை. போர்டு கிடையாது. நீலத் தகரம் போட்ட கூரை, வெளியே விறகடுப்பு, உள்ளே மூன்று பெஞ்சு. கேட்டால் யாரும் வழி சொல்வார்கள், "அந்த ரெண்டு அக்காமாரு கடை" என்று கேட்டால் போதும். பெரிய அக்கா முப்பத்து மூன்று வருஷம் கொழுந்து எடுத்தவர். சின்னக்கா அவருடைய நாத்தனார், அவரும் தோட்டத்து ஆள்தான். பேரை எழுத வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள், அதனால் எழுதவில்லை.

நான் அங்கே போனது சாயாவுக்காக இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பெம்பிளை ஒருமை என்று பேர். அந்த ஒன்பது நாளும் உட்கார்ந்தவர்கள் இந்த இரண்டு பேரும். தெரிந்த ஒரு டீச்சர் சொல்லி அனுப்பினார். எப்படி ஜெயித்தீர்கள், அப்புறம் ஏன் அது அப்படியே கரைந்து போனது, இந்த இரண்டையும் கேட்க வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். இப்போது மூன்று தடவை போய்விட்டேன்.

அந்தப் பேரிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். நம் பள்ளிக்கூட இலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று, பன்மை என்றால் பல. மலையாளம் கலந்த மலைத் தமிழில் ஒருமை என்றால் ஒற்றுமை. பல பேர் சேர்ந்து நின்றதற்கு ஒருமை என்று பேர் வைத்தார்கள். திருநெல்வேலி, தென்காசி, மதுரை, தேனிப் பக்கமிருந்து மூன்று நாலு தலைமுறைக்கு முன்னால் கங்காணி கூட்டி வந்த குடும்பங்களின் பேச்சு அது, எந்தக் கட்சி ஆபீஸிலும் உட்கார்ந்து யோசித்து வைத்த பேர் இல்லை.

நடந்தது தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி அந்த வருஷம் போனஸை 10 சதவீதம் என்று அறிவித்தது. பெண்கள் 20 சதவீதம் கேட்டார்கள், அப்போது 232 ரூபாயாக இருந்த நாள் கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கொச்சி தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு என்று அங்கே இருந்த எந்த யூனியன் தலைவரையும் கிட்டே விடவில்லை, தொகுதி எம்.எல்.ஏ.வையும் திருப்பி அனுப்பினார்கள். தங்கள் வீட்டு ஆண்களைக்கூடத் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் உட்கார விட்டார்கள். செப்டம்பர் 13 ராத்திரி 20 சதவீதம் என்று முடிவானது. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33, மீதி 11.67 கருணைத் தொகை. கம்பெனிக்குக் கணக்கும் கெடாமல், இவர்கள் கேட்ட நம்பரும் குறையாமல் கூட்டிய கணக்கு.

அக்காவிடம் முதல் கேள்வியாக, இவ்வளவு பேர் எப்படிச் சேர்ந்தீர்கள், யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"யாரும் கூப்புடல தாயி. ஒரு டிவிஷன்ல இருந்து நடந்து வந்தாங்க, நாங்க பாத்தோம். பாத்துட்டு எப்புடி கொழுந்து கிள்ளுறது? கூடைய எறக்கி வச்சுட்டு நாங்களும் நடந்தோம்."

அவ்வளவு சுலபமா என்று திரும்பக் கேட்டேன். சின்னக்காதான் விளக்கினார். லயம் என்பது கம்பெனி கட்டிய வரிசை வீடு, அதில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இங்கே இருமினால் அங்கே கேட்கும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஒன்றாக நிற்கிறார்கள், ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறார்கள், எடை போடும்போது ஒருத்தி கூடையில் எத்தனை கிலோ என்று பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியும். குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டம், சீட்டு, கோவில் கொடை, மாதா திருவிழா, எல்லாவற்றிலும் அதே முகங்கள். யாரை நம்பலாம், யார் கங்காணியிடம் போய்ச் சொல்வாள் என்பதெல்லாம் இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். அன்றைக்குக் காலையில் புதிதாக யாரும் யாரையும் நம்ப வேண்டியிருக்கவில்லை. போராட்டம் எப்படிப் பரவுகிறது என்று பேச வரும் ஆட்கள் போன், வாட்ஸ்அப் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போனும் இருந்திருக்கும். ஆனால் போனில் வந்த செய்தியை நம்ப வைத்தது அந்தச் சுவர்.

இன்னொன்றையும் அக்கா சொல்லித்தான் புரிந்துகொண்டேன். கொழுந்து காத்திருக்காது. இரண்டு வாரத்துக்குள் ஒரு சுற்று எடுக்காவிட்டால் முற்றிவிடும், எடுத்ததை அன்றே பேக்டரியில் போட வேண்டும். ஒன்பது நாள் தோட்டத்தில் யாரும் இறங்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று மேனேஜருக்கும் தெரியும், கிள்ளுகிறவளுக்கும் தெரியும். கேட்டதும் விரலில் எண்ணக்கூடிய ஒன்று, போன வருஷம் கைக்கு வந்தது எவ்வளவு, இந்த வருஷம் வரப்போவது எவ்வளவு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தக் கணக்கு வரும். உட்கார்ந்த இடமும் டூரிஸ்ட் வண்டி எல்லாம் போயே ஆக வேண்டிய ரோடு. ஒருவரை ஒருவர் தெரிந்த கூட்டம், எண்ணிச் சொல்லக்கூடிய ஒரே கோரிக்கை, எதிராளிக்கு நாள் ஆக ஆக நஷ்டம் ஏறும் நேரம். இது மூன்றும் ஒரே வாரத்தில் அமைவது அபூர்வம், அமைந்தபோது ஜெயித்தார்கள்.

சரி, அப்புறம் என்ன ஆனது. இதைக் கேட்டபோது அக்கா சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். கூலி உயர்வுக்கு மறுபடி போராட்டம் நடந்தது, அக்டோபர் நடுவில் முடிவு வந்தது, 232 ரூபாய் 301 ஆனது. கேட்டது 500. அந்த 301ஐ யார் முடிவு செய்தார்கள் என்றால், தோட்டத் தொழிலாளர் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, அரசாங்கம், முதலாளிகள், அங்கீகாரம் உள்ள யூனியன்கள் மூன்று தரப்பும் உட்காரும் இடம். கூலி என்பது ஒரு கம்பெனி சமாச்சாரம் இல்லை, கேரளம் முழுக்க எல்லாத் தோட்டத்துக்கும் அங்கேதான் பேசுவார்கள். பெம்பிளை ஒருமைக்கு அந்த மேஜையில் நாற்காலி கிடையாது. ரோட்டில் இவர்கள் துரத்தியவர்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து இவர்களுக்கும் சேர்த்துப் பேசினார்கள்.

"ரோடு எங்க கையில இருந்துச்சு, மேச அவங்க கையில இருந்துச்சு" என்றார் அக்கா. இதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள், போராட்டத்தில் முன்னால் நின்ற கோமதி அகஸ்டின் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார், மூணாறு பஞ்சாயத்திலும் இடம் கிடைத்தது. அதற்குள்ளேயே முன்னால் நின்றவர்களுக்கிடையே மனஸ்தாபம். இன்னொரு தலைவியான லிசி சன்னி ஒரு பக்கம், கோமதி ஒரு பக்கம் என்று ஆயிற்று. 2016 சட்டமன்றத் தேர்தலில் பெம்பிளை ஒருமை சார்பில் ராஜேஸ்வரி நின்றபோது செப்டம்பரில் உட்கார்ந்த கூட்டம் ஓட்டாக வரவில்லை. 2017 ஏப்ரலில் ஒரு மந்திரி பேசிய பேச்சுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தபோதும் பழைய கூட்டம் வரவில்லை. இதையெல்லாம் வைத்துப் பெண்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. மற்ற யூனியன்களுக்குள் சண்டை இல்லையா? இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு டவுனில் ஆபீஸ் இருக்கிறது, மாசச் சந்தா இருக்கிறது, கதவைத் திறந்து வைக்க ஒரு ஆள் இருக்கிறார், சண்டை போட்டவன் ஆறு மாசம் கழித்து வந்து உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறது. ரோட்டை விட்டு எழுந்த அன்றைக்கு இந்தப் பெண்களுக்கு உட்கார இடமே இல்லாமல் போனது. கம்பெனி வீட்டில் கூட்டம் போட முடியாது, கோவிலில் போட முடியாது, சாயாக்கடை எல்லாம் ஆண்கள் உட்காரும் இடம்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு ஞாபகம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து பிளாச்சிமடை பக்கம்தான். நிலத்தடி நீரை உறிஞ்சிக் கெடுக்கிறது என்று 2002 ஏப்ரல் 22 அன்று அங்கே கோகோ கோலா ஆலை வாசலுக்கு எதிரே போராட்டப் பந்தல் போட்டார்கள். மயிலம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், எரவாளர் பழங்குடிச் சமூகத்துப் பெண், தமிழ்தான் பேசுவார், பெரிய படிப்பு இல்லை. அந்தப் பந்தலுக்குப் பாட்டி கஞ்சித் தூக்கு கொண்டு போகும்போது கூடவே நான் போயிருக்கிறேன். ஓலைப் பந்தல், மழைக்கு ஒழுகும், கீழே பாய். சில நாள் முப்பது பேர் இருப்பார்கள், சில நாள் நாலு பேர். ஆனால் பந்தல் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எங்கே போக வேண்டும் என்று தெரியும், பேப்பர்காரர்களுக்குத் தெரியும், பஞ்சாயத்துக்காரர்களுக்கும் தினம் கண்ணில் படும். 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அப்புறமும் முழு ஜெயம் என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு 216 கோடி ரூபாய் நஷ்டம் என்று கேரள அரசு போட்ட கமிட்டி சொன்னது, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011இல் கேரள சட்டமன்றம் மசோதா போட்டது, அது சட்டமாகவே ஆகவில்லை. மயிலம்மா 2007இலேயே போய்விட்டார். ஆனாலும் ஆலை திறக்கவில்லையே. அந்த ஓலைப் பந்தலுக்கு அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோவிலைச் சுற்றியுள்ள ரோட்டில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்த வைக்கத்திலும் இதே கதைதான். 1924 மார்ச் 30இல் ஆரம்பித்து 1925 நவம்பர் 23 வரை, அறுநூறு நாளுக்கு மேல். நாம் பெரியார் ஜெயிலுக்குப் போனதைப் பேசுவோம், நாகம்மையாரைப் பேசுவோம், பேச வேண்டியதுதான். அத்தனை நாள் அத்தனை பேருக்குச் சோறு போட்டது யார் என்று பேசுவது குறைவு. நாராயண குரு தன் வெல்லூர் மடத்தைச் சத்தியாக்கிரகிகளுக்கு விட்டுக் கொடுத்தார். பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து லங்கர் என்ற இலவசச் சமையல் நடத்தினார்கள், வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி சொன்னதால் மூடினார்கள். 1924 வெள்ளம் மூணாறின் ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது, அதே வெள்ளத்தில் வைக்கத்தில் சத்தியாக்கிரகிகள் தண்ணீருக்குள் நின்றார்கள். திருவிதாங்கூர் சட்டசபையில் தீர்மானம் 22க்கு 21 என்று ஒரே ஓட்டில் தோற்றது. கடைசியில் திறந்தது மூன்று பக்கத்து ரோடு, கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது. கோவிலுக்குள் போக 1936 வரை ஆனது. சட்டசபையில் தோற்ற அன்றே கலைந்து போயிருந்தால் அந்த மூன்று ரோடாவது திறந்திருக்குமா?

இப்போது கடைக்கு வருகிறேன், மேலே சொன்னதெல்லாம் இதற்காகத்தான். மூன்று பெஞ்சில் ஆற்றோரமாக இருக்கிற பெஞ்சு சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் பெண்களுக்கு. எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்து, இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக் கழற்றி மடித்து, கையில் கறையோடு வருவார்கள். ஒரு அக்காவின் ஆள்காட்டி விரலைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், நகத்தின் ஓரமெல்லாம் கொழுந்துப் பால் ஏறிக் கறுத்து, குறுக்கே வெடித்திருந்தது, சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டியிருந்தார். அந்த விரலால்தான் சாயா கிளாஸைப் பிடித்திருந்தார், சூடு தெரியவில்லை போல.

அடுப்புக்குப் பின்னால் ஒரு நூறு பக்க நோட்டு தொங்குகிறது, ஆணியில் சணல் போட்டு. யார் எப்போது ரிட்டயர் ஆனது, கிராஜுவிட்டி வந்ததா, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் மனு கொடுத்தது என்று நீல மையில் வரிசையாக எழுதியிருக்கிறது. எழுதுவது பிளஸ் டூ படிக்கும் சின்னக்கா மகள். ரிட்டயர் ஆனால் வீட்டையும் விட வேண்டும், குடும்பத்தில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லை என்றால் அந்த லயத்தில் இருக்க முடியாது. முப்பது வருஷம் இருந்த வீடு நம் வீடு இல்லை என்பது கடைசி மாசத்தில்தான் உறைக்கும் என்றார் பெரிய அக்கா. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்தோடு 70 பேர் போனதைப் பற்றி நான் வாயெடுத்தேன், அவர் எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு உண்டியல் வைத்திருக்கிறார்கள். விற்கிற ஒவ்வொரு வடைக்கும் ஒரு ரூபாய் அதில் விழும். மனு கொடுக்க, விசாரணைக்குப் போக, பஸ் செலவுக்கு அந்தக் காசு. இதைக் கேட்டதும் அமெரிக்காவில் மாண்ட்கோமெரி ஊரில் நடந்த பஸ் புறக்கணிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. 1955 டிசம்பரில் ஆரம்பித்து 381 நாள், கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள், கார்களைச் சேர்த்து ஓட்டினார்கள். அந்தக் கார்களுக்குப் பெட்ரோல் காசு சேர்த்தவர்களில் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா முக்கியமானவர். சமைத்து விற்றுச் சேர்த்த பணத்தைக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார், யார் சமைத்தது, யார் வாங்கியது என்று முதலாளிகளுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், எங்கிருந்தோ வந்த சங்கம் என்கிற மாதிரி ஒரு பேர் வைத்திருந்தார்கள். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அந்தம்மா என்ன செஞ்சு வித்தாங்க?"

"கோழி பொரிச்சது, கேக்கு."

"கேக்குல லாபம் நிக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களும் பேரு வைக்கலியா?" என்று கேட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாத்ரூம் இல்லை, பெண்கள் அதிகம் வருகிற கடையில் இது பெரிய குறைதான், இடத்துக்காரர் கட்ட விடவில்லை என்கிறார்கள். மழை நாளில் டவர் போய்விடும், ஜிபே வேலை செய்யாது, சில்லறை கொண்டு போங்கள். கார் நிறுத்த இடமில்லை. நாலு மணிக்கு வடை தீர்ந்துவிடும், அடுத்த ஈடு ஐந்தரைக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன், அன்று இரண்டு பேரும் ஒரு ரிட்டயர் ஆன ஆள் வீடு மாற்றுவதற்குச் சாமான் தூக்கப் போயிருந்தார்களாம். அதனால் ஞாயிறு வேண்டாம்.

இன்னொரு குறையை நேராகவே அக்காவிடம் சொன்னேன். நோட்டு ஒன்றுதான் இருக்கிறது, ஒரு மழைக்கு நனைந்தால் எல்லாம் போச்சு. அடுத்த தடவை வரும்போது ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். சின்னக்கா மகள், அதெல்லாம் போனில் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன் அக்கா என்றாள். ஆகவே இந்தக் குறையை எடுத்துவிடுங்கள்.

மூணாறு போகிறவர்கள் மத்தியானம் பன்னிரண்டரைக்குள் போனால் கப்பை சூடாகக் கிடைக்கும். சாயாவுக்கென்றால் மூன்று மணி நல்ல நேரம், வெயில் ஆற்றில் விழும், கூட்டம் இருக்காது. மூன்று பேருக்குச் சாப்பிட்டு 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தோட்டத்துக்காரர்களைப் போட்டோ எடுக்காதீர்கள், கேட்டுவிட்டும் எடுக்காதீர்கள், வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஐந்து மணிக்கு நீங்கள் ஆற்றோரப் பெஞ்சில் இருந்தால் கிளாஸை எடுத்துக்கொண்டு மற்ற பெஞ்சுக்கு மாறிக்கொள்ளுங்கள், அவர்களாக எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.